வெள்ளிக்கிழமை தாஜ்மகால்

என் கணவருக்கு எதையும் திட்டம் போட்டுச் செய்தால்தான் மனசு ஆறும். சாலைக் கடைவீதிக்குப் பலசரக்கு வாங்கப் போனால்கூட எந்தக் கடையில் முதலில் ஏறுவது, எந்தச் சந்து வழியாகத் திரும்புவது என்று துண்டுத்தாளில் எழுதிச் சட்டைப்பையில் வைத்துக்கொள்வார். எண்ணெய்க்கு முன்னால் பருப்பை வாங்கிவிட்டால் அன்றைக்கு முழுக்க முகம் சரியிருக்காது.

அப்படிப்பட்ட மனிதருக்கு அலுவலகத்தில் எல்.டி.சி. கிடைத்தது. மத்திய அரசு ஊழியர்கள் குடும்பத்தோடு இந்தியாவில் ஏதாவது ஓர் ஊருக்குப் போய்வர நான்கு வருஷத்துக்கு ஒரு தடவை கிடைக்கும் சலுகை அது. முந்தைய தடவைகளில் யாருக்காவது காய்ச்சல், யாருக்காவது கல்யாணம் என்று தட்டிப்போயிருந்தது. இந்த முறை விடுவதில்லை என்று தீர்மானித்தார். தாஜ்மகால் என்றும் தீர்மானித்தார். இரண்டாயிரத்தைத் தாண்டிய தொடக்க வருஷங்கள் அவை. மகள் நாகர்கோவிலில் என் அண்ணன் வீட்டில் இருந்து படித்துக்கொண்டிருந்தாள். "எனக்குப் பரீட்சை இருக்கு, நீங்க ரெண்டு பேரும் போய்ட்டு வாங்கோ" என்று போனில் சொல்லிவிட்டாள். சொன்ன வேகத்தில் அப்பாவின் திட்டத்தில் மாட்டிக்கொள்ளாமல் தப்பித்த சந்தோஷம்தான் எனக்குக் கேட்டது.

நாங்கள் அப்போது அந்த மலையாள ஊரில், சாலைக் கடைவீதிக்குப் பின்னால் ஒரு சந்தில், மாடியில் வாடகைக்கு இருந்தோம். கீழே வீட்டுக்காரரும் அவர் மனைவியும். அவர் பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்றவர். மலையாளி, ஆனால் தமிழ் ஆட்களோடு ஒரே பாரக்கில் கிடந்து தமிழ் பேசப் பழகியவர். நாங்கள் அவரை எங்கள் நாகர்கோவில் வழக்கப்படி அண்ணாச்சி என்றும், அவர் மனைவியை இந்த ஊர் வழக்கப்படி சேச்சி என்றும் கூப்பிட்டோம். அந்த இரண்டும் ஒரே வீட்டுக்குள் எப்படிப் பொருந்தும் என்று யாரும் கேட்கவில்லை.

அண்ணாச்சி பட்டாளத்தில் மூன்று வருஷம் ஆக்ராவில் இருந்தார். எந்தப் பேச்சை எடுத்தாலும் அது கடைசியில் ஆக்ராவில் போய்த்தான் நிற்கும். தண்ணீர்க் குழாயில் அடைப்பு என்று சொல்லப் போனால், யமுனையில் தண்ணீர் வற்றிய கதையைக் கேட்டுவிட்டுத்தான் மாடி ஏற முடியும். குழாய் அப்படியே கிடக்கும். ஆகவே நாங்கள் ஆக்ராவுக்குப் போகிறோம் என்று தெரிந்ததும் அவர் மாடிக்கே வந்துவிட்டார்.

"தாஜ்மகாலா? அது நம்ம வீட்டுப் பறம்பு, தோட்டம் மாதிரியாக்கும் சாரே. ஒரு கடலாசு எடுங்கோ" என்றார்.

தாளில் ஆறு வரைந்தார், கோட்டை வரைந்தார், வெள்ளரிக்காய் விற்பவன் உட்காரும் மரத்தைக்கூட வரைந்தார். பிறகு குரலைத் தணித்துக்கொண்டு, யாருக்கும் தெரியாத ராணுவ ரகசியத்தைச் சொல்வதுபோலச் சொன்னார். "வெள்ளியாழ்ச்ச போங்கோ. வெள்ளியாழ்ச்ச ஃப்ரீயாக்கும். டிக்கெட்டே வேண்டா."

என் கணவரின் கண்கள் விரிந்தன. தம்பானூர் ஸ்டேஷனிலிருந்து புதன்கிழமை காலையில் ஏறினால் டெல்லி வண்டி வெள்ளிக்கிழமை காலையில் ஆக்ராவில் இறக்கிவிடும். பகலில் தாஜ்மகால். சாயங்காலம் டெல்லிக்கு வண்டி. சனிக்கிழமை காலை டெல்லியைச் சுற்றிக்காட்டும் பஸ். அத்தனையும் ஒன்றோடொன்று கொக்கி போட்டாற்போலப் பொருந்தியது. மறுநாள் அலுவலகத்தில் ஆங்கிலத்தில் டைப் அடித்து மூன்று பிரதி கொண்டுவந்தார். அவருக்கு ஒன்று, எனக்கு ஒன்று. மூன்றாவதை அண்ணாச்சியிடம் கொடுத்தார். அவர் அதை மின்சாரக் கட்டண ரசீது குத்தும் கம்பியில் மரியாதையாகக் குத்தி வைத்தார்.

புறப்பட்ட அன்று நல்ல மழை. பழவங்காடிப் பிள்ளையாருக்குக் குடை பிடித்துக்கொண்டே தேங்காய் உடைத்துவிட்டு ரயிலேறினோம். இரண்டு நாள் வண்டி. நேந்திரங்காய் சிப்ஸும் புளிச்சோறும் தீர்ந்துபோன இடத்தில் மழையும் தீர்ந்தது. ஆக்ராவில் இறங்கியபோது வெயில், கதவைத் திறந்த அடுப்பு மாதிரி இருந்தது.

ஆட்டோக்காரரிடம் என் கணவர் "தாஜ்மகால்" என்றார். அவர் தலையை ஆட்டி "பந்த்" என்றார்.

என் கணவர் என் பக்கம் திரும்பினார். "இங்கயும் பந்தாம்! நம்ம ஊரவிட்டு இவ்வளவு தூரம் வந்தும் விடலயே, சவம்."

"பந்துன்னா ஆட்டோ ஓடாதே. இவரு ஓட்டுதாரே" என்றேன்.

"அதானே. ஒருவேள ஆட்டோவ மட்டும் விட்டுட்டாங்களோ என்னவோ."

ஆட்டோக்காரர் வழியெல்லாம் இரண்டு மூன்று தடவை திரும்பி "பந்த், பந்த்" என்று சொல்லிக்கொண்டே வந்தார். என் கணவரும் ஒவ்வொரு தடவையும் நாட்டு நடப்பை நினைத்து வருத்தப்படும் குடிமகனாகத் தலையை ஆட்டிக்கொண்டே வந்தார். வாசலுக்குப் போன பிறகுதான் விஷயம் தெரிந்தது. பெரிய கதவு சாத்தியிருந்தது; ஆட்டோக்காரர் ஹிந்தியில் பந்த் என்று சொன்னது கடையடைப்பை அல்ல, இதைத்தான். வெள்ளிக்கிழமை தொழுகைக்கு வருபவர்களைத் தவிர வேறு யாருக்கும் அனுமதி கிடையாது. முன்பு ஃப்ரீயாக இருந்த அதே வெள்ளிக்கிழமையைத்தான் இப்போது விடுமுறை ஆக்கியிருந்தார்கள்.

என் கணவர் செய்ததை இப்போது நினைத்தாலும் சிரிப்பு வருகிறது. சட்டைப்பையிலிருந்து அந்த டைப் அடித்த தாளை எடுத்துக் காவலுக்கு நின்ற போலீஸ்காரரிடம் நீட்டினார். வெள்ளிக்கிழமை, காலை பதினொன்றரை, தாஜ்மகால் என்று அதில் தெளிவாகப் போட்டிருக்கிறதே! அந்த நல்ல மனிதரும் மேலிருந்து கீழ்வரை பொறுமையாகப் படித்துப் பார்த்தார். தாளை மடித்துத் திருப்பிக் கொடுத்து, "டுமாரோ" என்றார்.

"நாளைக்கு வருவோம். ஒருநாள் தங்கினா என்ன?" என்றேன் நான்.

"நாளைக்கு டெல்லி. காலையில ஒம்பது மணிக்குச் செங்கோட்டை." அவருடைய விரல் தாளில் அந்த வரியைத் தொட்டுக்கொண்டிருந்தது.

"செங்கோட்டைக்குத் தம்பானூர்ல இருந்தே பஸ் உண்டு. தாஜ்மகாலுக்கு உண்டா?"

அவருக்குச் சிரிப்பு வரவில்லை. சுற்றிக்காட்டும் பஸ்ஸுக்கும் சாயங்கால வண்டிக்கும் சீட்டு வாங்கியாகிவிட்டது, மாற்றினால் எல்லாம் குழம்பிவிடும் என்றார். எனக்கு வந்த கோபத்தில் அவரைவிட்டுப் பத்தடி முன்னால் நடந்தேன். வழி தெரியாததால் அவர் வந்துசேரும் வரை நிற்கவும் வேண்டியிருந்தது.

அங்கிருந்து ஆக்ரா கோட்டைக்குப் போனோம். கோட்டையின் ஒரு மாடத்திலிருந்து பார்த்தால் ஆற்றின் வளைவுக்கு அந்தப் பக்கம் தாஜ்மகால் தெரிந்தது. வெயில் புகைக்குள், சாப்பாட்டு மேஜையில் வைத்த உப்புச்சீசா அளவுக்கு. என் கணவர் சுவரைப் பிடித்துக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார். முதுகு வியர்வையில் நனைந்து சட்டை ஒட்டியிருந்தது. இரண்டு மாதமாகத் திட்டம் போட்ட முதுகு. என் கோபம் எங்கே போயிற்றென்று தெரியவில்லை.

"பாத்தாச்சுல்லா?" என்றார், திரும்பாமலே.

"பாத்தாச்சு" என்றேன்.

பிறகு நான்தான் முதலில் சிரித்தேன். போலீஸ்காரர் தாளைப் படித்த விதத்தைச் செய்துகாட்டியதும் அவருக்கும் அடக்க முடியவில்லை. இரவல் வாங்கிவந்த கேமராவில், தாஜ்மகால் என் தோளுக்குப் பக்கத்தில் வரும்படி என்னை நிற்கச் சொல்லி, இடது பக்கம் தள்ளு, வலது பக்கம் தள்ளு என்று பாடாய்ப் படுத்தி ஒரு படம் எடுத்தார். கோட்டை வாசலில் கையகலத் தாஜ்மகால் பொம்மைகள் விற்றார்கள். ஊரில் கொடுப்பதற்கென்று ஆறு வாங்கினோம்.

டெல்லி வண்டியில் உட்கார்ந்த பிறகு மெதுவாக ஆரம்பித்தார். "ஊர்ல இத சொல்லாண்டாம், என்ன?"

"ஏன்?"

"அண்ணாச்சிக்கு மனசு கஷ்டப்படும். அவரு சொல்லித்தானே வெள்ளிக்கெழம வச்சோம். பாத்தோம்னே சொல்லிருவோம். பாக்கத்தானே செஞ்சோம்?"

அண்ணாச்சியின் மனசு பாதிக் காரணம். மூன்று பிரதி எடுத்த திட்டத்தின் மானம் மீதிக் காரணம். இரண்டும் எனக்குத் தெரிந்ததால் சரி என்று தலையாட்டினேன்.

நாங்கள் திரும்பி வந்தபோது அண்ணாச்சி கேட்டிலேயே நின்றிருந்தார். வழக்கமாக வாய் நிறையச் சிரிப்பவர், அன்று பரீட்சை முடிவுக்குக் காத்திருக்கும் பையன் மாதிரி நின்றார்.

"தாஜ்மகால்... கண்டோ?" என்று கேட்டார்.

"கண்டோம் அண்ணாச்சி. அடேயப்பா!" என்றார் என் கணவர்.

அண்ணாச்சி ஒரு படி முன்னால் வந்தார். "உள்ளேயும் கேறினீங்களோ?"

"ஏறினோமே."

அவர் என் கணவரின் முகத்தைப் பார்த்தார். பிறகு என் முகத்தைப் பார்த்தார். நான் குனிந்து பையின் ஜிப்பைச் சரிசெய்தேன். அது சரியாகத்தான் இருந்தது.

"சந்தோஷம்" என்றார் அண்ணாச்சி. அப்போதுதான் அவருக்குப் பழைய சிரிப்பு வந்தது. அந்தச் சிரிப்பில் கொஞ்சம் குறும்பும் கலந்திருந்ததை நான் கவனித்திருக்க வேண்டும்.

அன்று முதல் தினமும் ஒரு கேள்வி. மாடிப்படியில், தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில், என் கணவர் அலுவலகத்துக்கு ஸ்கூட்டரை உதைத்துக்கொண்டிருக்கும்போது. "தாஜ்மகாலுக்குப் பின்பக்கம் எப்படி சாரே இப்ப?"

என் கணவர் மாடியேறி வந்து, ஷோகேஸில் இருந்த பொம்மையை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். பிறகு இறங்கிப் போனார். "முன்பக்கம் மாதிரியேதான் அண்ணாச்சி."

"அது சரிதான்" என்று அண்ணாச்சி ஒத்துக்கொண்டார்.

இன்னொரு நாள் நாலைந்து பேர் முற்றத்தில் இருக்கும்போது கேட்டார். "உள்ள நின்னு சத்தம் போட்டுப் பாத்தீங்களோ? எக்கோ உண்டல்லோ?"

"போட்டேனே."

"என்ன சத்தம்?"

என் கணவர் இதற்குத் தயாராக இல்லை. பொம்மையிலும் இதற்கு விடை இல்லை. சுற்றும்முற்றும் பார்த்தார், வராந்தாவில் நான் நிற்பது தெரிந்தது. "இவ பேரச் சொல்லிக் கூப்பிட்டேன்" என்றார்.

கல்யாணமான நாளிலிருந்து அவர் என்னை 'இந்தா' என்றுதான் கூப்பிடுவார். என் பேர் அவர் வாயிலிருந்து வந்தது ரேஷன் கார்டுக்குப் பெயர் சேர்க்கப் போன அன்று மட்டும்தான். முற்றத்தில் இருந்த பெண்கள் எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். எதிர்வீட்டு அம்மாள் அன்று மாலையே தன் கணவரிடம் சண்டை போட்டதாகக் கேள்வி.

பொய் அதன்பிறகு எங்கள் கையில் இல்லை. கேமராச் சுருளில் வெளிச்சம் பட்டுவிட்டது என்று சொல்லிப் படத்தைப் பீரோவில் துணிக்கு அடியில் வைத்தோம். சேச்சி என்னிடம் எதையும் கேட்பதில்லை, ஆனால் துணி காயப்போடும்போது பக்கத்தில் வந்து நின்று, "மோளே, மார்பிள் காலுக்குத் தணுப்பா இருக்குமோ?" என்று ஒரே ஒருநாள் கேட்டார். "இருக்கும் சேச்சி" என்று சொன்னேன். அவர் தலையை ஆட்டிவிட்டுப் போனார். கணவரின் பொய்களெல்லாம் சேர்ந்து செய்யாத வேலையை அந்த ஒரு பொய் செய்தது. எனக்கு அன்று சோறு இறங்கவில்லை.

ஓணம் வந்தது. எங்கள் தெருவின் ரெசிடென்ஸ் அசோசியேஷனுக்கு அண்ணாச்சிதான் செயலாளர். விழா நோட்டீஸ் வீட்டுக்கு வீடு வந்தது. அத்தப்பூக்களம் என்ற பூக்கோலம், வடம்வலி என்ற கயிறு இழுக்கும் போட்டி, குழந்தைகளின் பாட்டு, அதற்குக் கீழே 'யாத்ரா விவரணம்: ஆக்ராவில் ஒரு நாள்'. பேசுபவர் என் கணவர்.

"நான் ஒத்துக்கிடவே இல்லயே" என்று நோட்டீஸைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"திட்டத்துல போட்டாச்சு. இனி மாத்தினா எல்லாம் குழம்பிரும்" என்றேன் நான். இரண்டு மாதமாக நெஞ்சில் வைத்திருந்த வாக்கியம் அது.

நூலகத்திலிருந்து புத்தகம் எடுத்துவந்தார். உயரம், அகலம், எந்தக் கல் எந்த ஊரிலிருந்து வந்தது என்று எழுதி மொட்டைமாடியில் காயும் துணிகளுக்கு நடுவே நடந்து நடந்து மனப்பாடம் செய்தார். பால் வாங்கப் போகும்போதும் உதடு அசைந்துகொண்டிருந்தது.

திருவோணத்துக்கு மறுநாள், தெருமுனையில் காலியாகக் கிடந்த மனையில் பந்தல் போட்டு நாற்காலி வரிசை. என் கணவர் கசவு வேட்டியில், கையில் எட்டுப் பக்கத்தோடு உட்கார்ந்திருந்தார். அண்ணாச்சி மைக்கைப் பிடித்தார்.

"நம்ம சார் யாருன்னு அறியாமோ? தாஜ்மகாலின்றெ உள்ளே நின்னு சொந்த பாரியையின்றெ பேரு விளிச்ச ஆளாக்கும்!"

கைதட்டல் பந்தலைப் பிய்த்தது. எதிர்வீட்டு அம்மாள் என் கையைப் பிடித்து அழுத்தினாள். என் கணவர் எழுந்து மைக் முன்னால் போனார். முதல் பக்கத்தைப் பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்தார். எட்டுப் பக்கத்தையும் நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்தார்.

"நான் விளிக்கலை" என்றார். "உள்ளே போகவும் இல்லை. நாங்க போனது வெள்ளிக்கிழமை. வெள்ளிக்கிழமை தாஜ்மகால் லீவு."

அவர் பாதித் தமிழும் பாதி மலையாளமுமாகச் சொல்லத் தொடங்கினார். ஆட்டோக்காரர் பந்த் என்றதும், தான் நாட்டுக்காக வருத்தப்பட்டதும், போலீஸ்காரரிடம் டைப் அடித்த தாளை நீட்டியதும் எல்லாவற்றையும் சொன்னார். முதலில் பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். பொம்மையைத் திருப்பிப் பார்த்துப் பின்பக்கத்தைச் சொன்ன இடத்தில் பந்தலே குலுங்கியது. நான் கோபித்துக்கொண்டு பத்தடி முன்னால் போய் வழி தெரியாமல் நின்றதை மட்டும் அவர் சொல்லியிருக்க வேண்டாம். ஆனால் ஒன்று: வெள்ளிக்கிழமை ஃப்ரீ என்று சொன்னது யார் என்பதைச் சொல்லவே இல்லை. "ஆரோ ஒராள் சொன்னார்" என்று தாண்டிப் போய்விட்டார். என் கணவர்மேல் எனக்கு மரியாதை கூடிய நாட்களைக் கணக்கெடுத்தால் அன்றைக்கு முதலிடம்.

அண்ணாச்சி எழுந்து நின்றார். "அந்த ஒராள் நானாக்கும்" என்றார். நாங்கள் ரயிலில் இருந்த வியாழக்கிழமை, வெள்ளிக்கிழமை தாஜ்மகாலுக்கு விடுமுறை என்று பக்கத்து வீட்டுப் பத்திரிகையில் தற்செயலாகப் பார்த்தாராம். யாரிடமும் சொல்ல முடியாமல் தவித்தாராம். "இவங்க வந்து கண்டோம்னு சொன்னப்ப எனக்கு மனசிலாயி. என் மனசு நோகக்கூடாதுன்னு பொய் சொல்லுறாங்க. அப்ப எனக்கு அழுகை வந்தது. பின்னே..." அவர் தலையைச் சொறிந்தார். "பின்னே கொஞ்சம் தமாஷும் வந்தது."

பாயசம் விளம்பும்போதுதான் சேச்சி வாயைத் திறந்தார். கையில் கரண்டியோடு, எல்லாருக்கும் கேட்கும்படியாகவே சொன்னார். "இந்த மனுஷன் மட்டும் கண்டாரோன்னு கேளுங்க. மூணு கொல்லம், முழுசா மூணு வருஷம் அங்க கிடந்தார். ஒருநாள்கூட உள்ளே கேறலை."

எல்லாரும் அண்ணாச்சியைப் பார்த்தோம். காலி டம்ளரை உருட்டிக்கொண்டு நின்றார். "நீ வரட்டேன்னு வெச்சேன்" என்று முணுமுணுத்தார்.

அவர் ஆக்ராவிலிருந்து ஒவ்வொரு வருஷமும் சேச்சியை வரச்சொல்லிக் கடிதம் எழுதியிருக்கிறார். முதல் வருஷம் பிரசவம். அடுத்த வருஷம் மாமியாருக்கு உடம்பு சரியில்லை. மூன்றாவது வருஷம் மழையில் வீட்டுக் கூரை இறங்கிவிட்டது. அவரோ, பார்த்தால் இவளோடுதான் என்று சைக்கிளில் வாசல்வரை போய்ப் போய்த் திரும்பியிருக்கிறார். வெள்ளரிக்காய்க்காரனையும் மரத்தையும் அவ்வளவு நன்றாகத் தெரிந்திருந்ததற்குக் காரணம் அதுதான். என் கணவர் போய் அவர் பக்கத்தில் நின்று இன்னொரு டம்ளர் பாயசம் வாங்கிக் கொடுத்தார்.

இரண்டு வருஷம் கழித்து, ஒரு குளிர்காலத்தில், நாங்கள் நான்கு பேரும் போனோம். அண்ணாச்சி ஆக்ராவில் இருக்கும் பழைய பட்டாள நண்பருக்கு மூன்று முறை போன் செய்து கேட்ட பிறகே டிக்கெட் எடுத்தோம். செவ்வாய்க்கிழமை காலை, பெரிய வாசலைத் தாண்டியதும் அது எதிரில் நின்றது. என் கணவர் மனப்பாடம் செய்திருந்த உயரம், அகலம் எதுவும் அவர் வாயிலிருந்து வரவில்லை. அண்ணாச்சிதான் "அந்தா மினாரம், அது கொஞ்சம் வெளியே சாஞ்சாக்கும் நிக்குது, காரணம் என்னன்னா..." என்று தொடங்கினார்.

"ஒண்ணு மிண்டாதிரிங்க" என்றார் சேச்சி.

அவர் வாயை மூடிக்கொண்டார். செருப்பைக் கழற்றிவிட்டு மேலே ஏறி, நிழல் விழுந்த இடத்தில் சேச்சி காலை நீட்டி உட்கார்ந்தார். உள்ளங்காலை மார்பிளில் வைத்து எடுத்தார், மறுபடி வைத்தார். அரைமணி நேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தார். அண்ணாச்சி பக்கத்தில், உத்தரவுக்குக் காத்திருக்கும் சிப்பாய் மாதிரி இருந்தார்.

"இது முழுக்கத் துடைக்க எத்தனை ஆள் வேணும்?" என்று கேட்டார் சேச்சி கடைசியில்.

ஆக்ராவைப் பற்றி அண்ணாச்சிக்கு விடை தெரியாத கேள்வி ஒன்றை அன்றுதான் பார்த்தேன். எழுந்து போய்க் காவலுக்கு நின்றவரிடம் ஹிந்தியில் வெகுநேரம் விசாரித்தார். அந்த ஆள் வானத்தைக் காட்டி ஏதோ சொல்லிச் சிரித்தார். அண்ணாச்சி திரும்பி வந்து உட்கார்ந்துகொண்டு, "பாதி வேலை மழை பாத்துக்குமாம்" என்றார்.